மூச்சு டப்பா

தம்பி, அந்த ஜன்னலை மூடாதீர்கள். காற்று வரட்டும். மூக்குத் துளை இரண்டிலும் பஞ்சு அடைத்திருக்கிறார்கள், வாயால்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். இல்லை, வண்டியிலிருந்து விழவில்லை. குடிக்கிற பழக்கமும் கிடையாது. நிலக்கரிச் சுரங்கத்தில் சேஃப்டி சூப்பர்வைசர் நான், பெயர் வேடியப்பன். இப்படி அடித்தது என் சொந்தத் தங்கச்சியும் என்னிடம் வேலை பார்த்த பயல்களும். எங்கே வைத்து என்றால், தங்கச்சி புருஷன் கருமாதியில் வைத்து. நேற்றைக்கு.

உங்கள் மடியில் இருக்கிற புத்தகத்தைப் பார்த்துத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். சாட்சியச் சட்டம் என்று போட்டிருக்கிறதே. சேலம் சட்டக் கல்லூரியா? நல்லது. வருகிற வெள்ளிக்கிழமை சுரங்கத்தில் விசாரணை வைத்திருக்கிறார்கள். என் மாப்பிள்ளை, அந்தத் தங்கச்சி புருஷன் மாதையன், தன் பிசகால்தான் செத்தான், உபகரணத்தை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, இதை நான் போய்ச் சொல்ல வேண்டும். கம்பெனியும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. தங்கச்சி சென்னம்மா கூடவே கூடாது என்கிறாள். அப்பன் விளையாட்டுத்தனத்தால் செத்தான் என்று அவள் பையன் காதில் விழக் கூடாதாம். சரி, ஆசை நியாயம்தான். அதற்காகக் கூடப் பிறந்தவனை இப்படியா செய்வாள்? இந்த பஸ் அரூரிலிருந்து சேலம் போவதற்குள் முழுக்கச் சொல்லிவிடுகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

சுரங்கம் வடக்கே, காட்டுக்கு நடுவில் இருக்கிறது. பெயர் எதற்கு. எங்கள் பக்கத்துப் பயல்கள் ஒரு கேங்காக அங்கே இருந்தார்கள், எல்லாரும் என் கைக்குக் கீழே. காண்டிராக்டர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: தலையில் ஹெல்மெட், அதில் விளக்கு, காலில் பூட்ஸ், இடுப்பில் மூச்சு டப்பா. இந்த நாலும் இல்லாமல் ஒருத்தன் உள்ளே இறங்கினான் என்றால் உன் வேலை காலி.

மூச்சு டப்பா என்பது நாங்களாக வைத்த பெயர். கம்பெனியில் ரெஸ்க்யூவர் என்பார்கள். எவர்சில்வர் டிபன் டப்பா மாதிரி இருக்கும். சுரங்கத்தில் தீப்பிடித்தால் தீ சுட்டுச் சாகிறவன் குறைவு, விஷப்புகை குடித்துச் சாகிறவன்தான் அதிகம். அந்த விஷத்துக்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. டப்பாவின் சீலை உடைத்தால் உள்ளே ரப்பர் வாய் ஒன்று இருக்கும். அதைக் கடித்துக்கொண்டு, மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயால் மூச்சு விட வேண்டும். உள்ளே இருக்கிற மருந்து விஷத்தை முறித்துவிடும். முறிக்கிறபோது கொதிக்கும், வாயெல்லாம் வேகும். வெந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் ஒரு தடவை சீலை உடைத்துவிட்டால் ஈரம் ஏறி மருந்து செத்துப்போகும். அப்புறம் அது வெறும் தகரம்தான். பார்த்தீர்களா, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நேற்று அத்தனை பேர் கத்தினார்கள். எனக்குத் தெரியாத விதி அந்தச் சுரங்கத்தில் கிடையாது.

தெரிந்து என்ன செய்ய? பயல்கள் கேட்க வேண்டுமே. உள்ளே வேக்காடு தாங்காமல் ஹெல்மெட்டைக் கழற்றி அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வான். பூட்ஸ் கடிக்கிறது என்று செருப்போடு வந்து நிற்பான். நல்ல வார்த்தையில் சொல்லிப் பார்த்தேன், சுவரில் படம் ஒட்டிப் பார்த்தேன். படத்திலிருந்த ஆளுக்கு மீசை வரைந்து என் பெயரை எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் கரியைச் சுமந்து ஓடுகிற கன்வேயர் பெல்ட்டில் ஒரு முழம் அறுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கெட்டி ரப்பர் தம்பி, உள்ளே நூல் வைத்தது. முதுகில் ஒன்று விழுந்தால் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

சட்டப்படி அடிக்கலாமா என்று முகத்தைச் சுளிக்கிறீர்கள். பச்சையப்பன் என்று ஒருத்தன் எங்கள் கேங்கில் இருக்கிறான், கோட்டப்பட்டிக்காரன். தாடை வாரைக் கட்டாமல் ஹெல்மெட்டைச் சும்மா தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். காதோடு சேர்த்து ஒன்று வைத்தேன், சுருண்டு விழுந்தான். மறு வாரமே மேல்கூரையிலிருந்து ஒரு கல் அவன் உச்சந்தலையில் இறங்கியது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்துவிட்டது, தலை தப்பித்தது. வார் கட்டியிருந்ததால்தானே? மேலே வந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்தக் காது இன்றைக்கும் அவனுக்குச் சரியாகக் கேட்காது, அது வேறு விஷயம். காது பெரிதா, தலை பெரிதா? அந்தப் பச்சையப்பன்தான் நேற்று என் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

டப்பாவுக்கு வருகிறேன். மற்ற கேங்குகளில் எப்போது பார்த்தாலும் சீல் உடைந்து கிடக்கும். எவனாவது மேலே உட்காருவான், எவனாவது நோண்டுவான், கம்பெனிக்காரன் காண்டிராக்டரைப் பிடித்து ஏறுவான். என் கேங்கில் ஒரு சீல் உடைந்ததில்லை. தொட்டால் தோலை உரிப்பேன் என்று சொல்லியிருந்தேன், தொடமாட்டார்கள். சேஃப்டி வாரத்தில் மேடையில் ஏற்றி எனக்கு மாலை போட்டார்கள். விளக்கு வாங்குகிற லாம்ப் ரூம் சுவரில் என் படம் மாட்டினார்கள். அதற்கு எவனும் மீசை வரையவில்லை.

பயிற்சி கொடுத்தீர்களா என்றா கேட்கிறீர்கள்? கொடுக்க ஒரு பெண் வந்தது. புதிதாகப் படித்துவிட்டு வந்த இன்ஜினியர். பழகிப் பார்ப்பதற்கென்று பழைய டப்பா ஒன்று வைத்திருந்தது. ஒவ்வொருத்தனும் அதைக் கடித்து, மூக்கை அடைத்து, கொஞ்ச தூரம் நடந்து பார்க்க வேண்டும், அதுதான் விதி என்று இந்தியில் ஒரே வாதம். ஷிஃப்ட் நேரத்தில் ஒரு கேங்கையே வாயில் ரப்பரோடு ஊர்வலம் விட முடியுமா? நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று எல்லாருக்குமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பொய்க் கையெழுத்து இல்லை தம்பி. சொல்லித்தான் கொடுத்திருந்தேன். தொட்டால் தோலை உரிப்பேன் என்பதும் சொல்லிக்கொடுப்பதுதானே?

மாதையனை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். நல்ல உழைப்பாளி, ஆனால் வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் மேலே டீ குடிக்கிற இடத்தில் ஒரே சிரிப்பாகக் கிடக்கிறது. போய்ப் பார்க்கிறேன், என் மாப்பிள்ளை டப்பாவை உடைத்து ரப்பரை வாயில் வைத்துக்கொண்டு, கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு நாதஸ்வரம் வாசிக்கிறான். பச்சையப்பன் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்துத் தவில் அடிக்கிறான். சுற்றிலும் உட்கார்ந்து தாளம் போடுகிறார்கள்.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. பெல்ட் துண்டை எடுத்தேன். முதல் அடியில் புருவம் கிழிந்தது. அப்போதும் சிரிக்கிறான் தம்பி. "மச்சான், போதும். கச்சேரி முடிஞ்சிடுச்சி" என்றான். எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். சொந்தக்காரன் என்று விட்டால் நாளைக்கு எவன் மதிப்பான்? அதனால் அவனுக்குக் கொஞ்சம் கூடவே போட்டேன். கீழே விழுந்தான், விழுந்த பிறகும் போட்டேன். பல் ஒன்று தெறித்து டீ தம்ளரில் விழுந்தது. அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை, வேறு எவனும் சிரிக்கவில்லை. சென்னம்மா போன் போட்டு அழுதாள். அடித்தால்தான் அவன் உயிரோடு இருப்பான், நீ போனை வை என்றேன். ஒழுக்கம் என்றால் அதுதான். எனக்கு ஒரு கண்ணில் வெண்ணெய் ஒரு கண்ணில் சுண்ணாம்பு கிடையாது.

இப்போது பாருங்கள், எனக்கு வந்த சங்கடம். அடுத்த சேஃப்டி வாரம் வரப்போகிறது, என் கேங்கில் ஒரு சீல் உடைந்துவிட்டது. மாலை போச்சு, படம் போச்சு. விட்டேனா? மூடியை வைத்து அமுக்கி, சுற்றிலும் பசை விட்டு, சீலை ஒட்டவைத்துக் கம்பியைப் பழையபடி முறுக்கினேன். கம்பெனிக்காரன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், கண்டுபிடிக்கவில்லை. எடை போட்டுப் பார்த்தால் ஈரம் ஏறியது தெரிந்துவிடும், எடை போட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. யார் போடுகிறார்கள்? என் கைவேலை அப்படி. அந்த டப்பாவை வேறு எவனுக்கும் கொடுக்கவில்லை. மாதையனையே கட்டிக்கொள்ளச் சொன்னேன். "ஒடச்சவன் நீ. நீயே சொமந்துக்கிட்டுத் திரி" என்றேன். அதுதானே நியாயம்? குற்றமில்லாதவன் இடுப்பில் கட்டினால்தான் பாவம்.

தெரியாது, அவனுக்கு மருந்து செத்துப்போன விஷயம் தெரியாது. சீல் முழுசாக இருந்ததைப் பார்த்து, மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. அவன் வாய்தான் ஓட்டை வாய் ஆயிற்றே. புது டப்பா வந்ததும் மாற்றிக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் வேலை மும்முரத்தில் விட்டுப்போயிற்று.

தீப்பிடித்த அன்றைக்கு மாதையன், பச்சையப்பன், இன்னும் மூன்று பேர் உள்ளே தூரத்தில் இருந்தார்கள். நடுவழியில் கன்வேயர் பெல்ட்டின் உருளை ஒன்று சிக்கிக்கொண்டு, பெல்ட் தேய்ந்து தேய்ந்து பற்றிக்கொண்டது. ரப்பர் புகை காற்றோடு அவர்கள் பக்கமாகப் போகிறது. உள்ளே ஒரு போன் உண்டு. நான் மேலே ஆபீஸில் இருக்கிறேன், பக்கத்தில் ஓவர்மேன் நிற்கிறான், ஷிஃப்டைப் பார்த்துக்கொள்கிற கம்பெனி அதிகாரி. போன் அடிக்கிறது. பச்சையப்பன் பேசுகிறான்.

"அண்ணா, பொகை வருது. டப்பாவ ஒடைக்கலாமாண்ணா?"

சிரிப்பாக இருக்கிறதா உங்களுக்கு? எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரத்திலும் கேட்டுத்தான் செய்கிறார்கள் பாருங்கள். எவ்வளவு புகை என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? கொஞ்சமாகத்தான் தெரிகிறது, கண் எரிகிறது என்றான். இரு, ஓவர்மேனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஓவர்மேனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவன் வாயைத் திறப்பதற்குள் போனை மாதையன் பிடுங்கிவிட்டான். அடி வாங்கிய நாளிலிருந்து என்னோடு பேசாதவன், அன்றைக்குத்தான் பேசுகிறான்.

"மச்சான், நாங்க ஒடைக்கிறோம். அடிய மேல வந்து வாங்கிக்கிறோம்."

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

என்ன? அவன் டப்பா ஒட்டுப்போட்டது என்று அப்போது எனக்கு நினைவு வரவில்லையா? வந்தது. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். மச்சான் என்றதுமே வந்துவிட்டது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்தில் ஓவர்மேன் நிற்கிறானே தம்பி! மேடை போட்டு மாலை வாங்கியவன், செத்த டப்பாவைக் கட்டி அனுப்பினேன் என்று அவன் எதிரே எப்படிச் சொல்வது? ஓவர்மேனுக்குத் தமிழ் தெரியுமா என்றா கேட்கிறீர்கள்? தெரியாது. சத்தீஸ்கர்காரன். ஆனால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவான். அவர்கள் அப்படிப்பட்ட ஆட்கள்.

நாலு பேர் நடந்து வெளியே வந்தார்கள். வாயெல்லாம் கொப்புளம். மாதையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காயம் ஒன்றும் கிடையாது. புகை குடித்துச் சாகிறவனுக்கு முகம் சிவந்துவிடும், கல்யாண மாப்பிள்ளை மாதிரிப் படுத்திருந்தான். இடுப்பில் டப்பா திறந்து தொங்குகிறது. டாக்டர் கேட்டபோது, சரியாக மாட்டத் தெரியவில்லை என்றேன். கம்பெனி அதை அப்படியே எழுதிக்கொண்டது. வேறென்ன சொல்ல? ஒரு விஷயத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அந்த நாலு பேர் இடுப்பில் டப்பா இருந்தது யாரால்? என் அடிக்குப் பயந்துதான் இருந்தது. நான்தான் காப்பாற்றினேன். நாலு உயிருக்கு ஒரு நன்றி உண்டா?

நேற்று கருமாதிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? பிறந்த வீட்டுக் கோடி நான்தானே போட வேண்டும், வேறு அண்ணன் தம்பி அவளுக்கு ஏது? ஏரிக்கரையில் சாமியானா போட்டிருந்தார்கள். ஊர் உட்கார்ந்திருக்கிறது. பச்சையப்பனும் மற்ற மூன்று பேரும் வந்திருந்தார்கள், உதடெல்லாம் இன்னும் கறுப்பு. நான் கோடிச் சேலையைப் பிரித்துக்கொண்டு போனேன். சென்னம்மா தலையைக் குனியவில்லை.

"போத்துண்ணா. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவரு டப்பா மட்டும் ஏன் வேலை செய்யல?"

சபையில் கேட்கிற கேள்வியா இது? மாட்டத் தெரியாமல் மாட்டியிருப்பான் என்றேன். உடனே பச்சையப்பன் எழுந்துவிட்டான். அவன் காதுக்கு இது மட்டும் கேட்டுவிட்டது. சபைக்கு நடுவில் வந்து சொல்கிறான், எங்களுக்கு மாட்டிவிட்டதே அவர்தான் என்று. நாதஸ்வரம் ஊதினப்போ பழகினதுடா என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருத்தர் மூக்கிலும் அவர் கையால் கிளிப்பை மாட்டினார், கடைசியாகத்தான் தனக்கு மாட்டினார். நடக்க நடக்க எங்கள் வாய் வெந்துபோகிறது, கெட்டுப்போன டப்பா என்று துப்பப் போனோம், கையை ஓங்கி மிரட்டித் திரும்பக் கடிக்க வைத்தார். அப்புறம் தன் ரப்பரை ஒரு நிமிஷம் எடுத்துவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினான் பச்சையப்பன்:

"என்னுது ஜில்லுன்னு இருக்குதுடா. எப்படியும் தங்கச்சி புருஷன் பாரு, மச்சான் எனக்கு மட்டும் நல்ல டப்பாவா பாத்துக் குடுத்திருக்கான்."

சென்னம்மா என்னையே பார்க்கிறாள். பச்சையப்பன் நிறுத்துவதாகத் தெரியவில்லை, இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பாய்ந்து அவன் வாயிலேயே குத்தினேன், கொப்புளத்தின் மேல். ரத்தமும் சீழுமாகக் கையில் வந்தது. அவ்வளவுதான், நாலு பேரும் என் மேலே விழுந்தார்கள். என்னை மண்ணில் சாய்த்து மிதித்தார்கள் தம்பி. விலாவில் ஒன்று முறிந்தது எனக்கே கேட்டது. ஊர்க்காரன் ஒருத்தன் எழுந்து வரவில்லை, பந்தியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

சென்னம்மாதான் நிறுத்தச் சொன்னாள். பார்த்தீர்களா, கூடப் பிறந்த ரத்தம், விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். அடிக்காதீங்க, புடிச்சிக்கோங்க என்றாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. பச்சையப்பன் கையை முறுக்கிப் பிடித்தான், ஒருத்தன் காலில் உட்கார்ந்தான். என் பக்கத்தில் வந்து மண்டி போட்டாள். நான் கொண்டுபோன கோடிச் சேலையின் முந்தானையை உருட்டினாள், உருட்டி என் வாய்க்குள் திணித்தாள். தொண்டை வரைக்கும் திணித்தாள். அப்புறம் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளிப்பு மாட்டியாச்சு. மூச்சு வுடுண்ணா."

உங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. கண் வெளியே வந்துவிடும் போல இருந்தது. நெஞ்சுக்குள் எவனோ ஏறி உட்கார்ந்த மாதிரி. காலை உதைக்கிறேன், காலில் ஆள் உட்கார்ந்திருக்கிறது. அவள் முகம் அசையவில்லை. அரிசி களைகிறவள் மாதிரி அவ்வளவு நிதானம். இனி முடிந்தது என்று நினைத்தபோது துணியை உருவினாள். ஏன் வேலை செய்யல என்று கேட்டாள். தெரியாது என்றேன். திரும்பவும் திணித்தாள். இந்தத் தடவை மூக்குத் தண்டு நசுங்கியது, அதற்குத்தான் இந்தப் பஞ்சு. உருவினாள், கேட்டாள். கடவுள் சத்தியமாகத் தெரியாது என்றேன். மறுபடியும் துணியை எடுத்தாள். அப்போது சொல்லிவிட்டேன். உடைந்த டப்பா, ஒட்டிக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். போன் வந்தபோது நினைவு வந்ததையும் சொல்லிவிட்டேன். கேட்காததைக்கூடச் சொல்லிவிட்டேன், துணியைப் பார்த்த பயத்தில்.

சென்னம்மா எழுந்தாள். அழவில்லை. எச்சிலும் ரத்தமுமாகக் கிடந்த அந்தச் சேலையை விரித்து, கால் முதல் தலை வரைக்கும் என் மேலேயே போர்த்தினாள், பிணத்துக்குப் போர்த்துகிற மாதிரி. அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்க" என்றாள்.

அதுதான் விஷயம். மொத்த ஊரும் ரயிலேறி வரப்போகிறது. வரட்டும். விசாரணையில் நான் சொல்லப்போவது இதுதான்: அடித்தார்கள், மூச்சை அடைத்தார்கள், உயிருக்குப் பயந்து என்னவோ உளறினேன். வலி பொறுக்காமல் ஒருத்தன் சொல்வது உண்மையாகிவிடுமா? அடித்தால் மனுஷன் எதை வேண்டுமானாலும் சொல்வான். இது குழந்தைக்குக்கூடத் தெரியுமே! அப்படி வாங்கிய வார்த்தை செல்லாது என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள். எந்தப் பிரிவு என்று சொன்னால் கையில் எழுதிக்கொள்கிறேன்.

என்ன சொல்கிறீர்கள்? பஸ் இரைச்சலில் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லுங்கள்.

உங்களிடம் சொன்னபோது என் மூக்கை யார் பிடித்திருந்தார்கள் என்றா?

நன்றாகப் படிக்கிறீர்கள் தம்பி. எங்கே எழுந்திருக்கிறீர்கள்? சேலம் இன்னும் வரவில்லையே. உட்காருங்கள். உட்காருங்கள் என்கிறேன். கண்டக்டரை எதற்குக் கூப்பிட வேண்டும், நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதானே வருகிறோம்? கையை இழுக்காதீர்கள், விரல் முறிந்துவிடும். விடுகிறேன், விடத்தான் போகிறேன். முதலில் உங்கள் பெயர் என்ன, எந்த ஊர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அதைச் சொல்லுங்கள்.